நேர்காணலுக்கு ஊர் ஊராகப் போவது நின்றபோது: அறுவை மருத்துவப் பயிற்சித் தேர்வும் கொரோனாவும்

எம்.பி.பி.எஸ். முடித்தவர் மருத்துவர்தான், ஆனால் அறுவை மருத்துவர் ஆகிவிடவில்லை. அதற்கு இன்னொரு பயிற்சி இடம் கிடைத்தாக வேண்டும். இந்தியாவில் அது மூன்று ஆண்டு எம்.எஸ். படிப்பு. அமெரிக்காவில் பொது அறுவைக்கு ஐந்து ஆண்டு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் பயிற்சி. பிரிட்டனில் முதலில் இரண்டு ஆண்டு அடிப்படை அறுவைப் பயிற்சி, பெரும்பாலான துறைகளில் அதன்பின் மறுபடியும் போட்டியிட்டு மேல்நிலைப் பயிற்சி. எந்த நாடானாலும் இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஆகவே யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய ஒரு முறை வேண்டியிருக்கிறது. 2020-இல் வந்த பெருந்தொற்று அந்த முறையை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். அறுவைப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், கத்தியைப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். சில இடங்களில், சில துறைகளில் தையல் போடச் சொல்லிப் பார்ப்பதுண்டு. மற்றபடி தேர்வாளர்கள் பார்ப்பது மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், ஆராய்ச்சிக் கட்டுரை, நேரில் பேசும்போது ஏற்படும் அபிப்பிராயம், தங்கள் மருத்துவமனையில் சில வாரம் வேலை பார்த்தபோது அந்த ஆள் எப்படி நடந்துகொண்டார் என்பது. கை எப்படி என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும். நல்ல அறுவை மருத்துவர் ஆவாரா என்ற கேள்விக்கு நேரடி விடை கிடைக்காததால், அதற்குப் பதிலாக வேறு சில அடையாளங்களை வைத்துக் கணிக்கிறார்கள். அந்த அடையாளங்களில் கடைசி இரண்டும் நேரில் போய்த்தான் ஆக வேண்டியவை. கொரோனா கை வைத்தது அங்கேதான்.

மாற்றம் மிகத் தெளிவாகத் தெரிந்தது அமெரிக்காவில். எனவே அந்த ஊர் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடலாம். அங்கே மருத்துவ மாணவர் இறுதியாண்டில் நாடு முழுக்க மருத்துவமனைகள் நடத்தும் பயிற்சித் திட்டங்களுக்கு ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பிக்கிறார். சில திட்டங்கள் நேர்காணலுக்கு அழைக்கும். நேர்காணல்கள் முடிந்ததும் மாணவர் தனக்குப் பிடித்த வரிசையில் திட்டங்களைப் பட்டியலிடுவார். திட்டங்களும் தங்களுக்குப் பிடித்த வரிசையில் மாணவர்களைப் பட்டியலிடும். இரு பட்டியல்களையும் ஒரு கணினி நிரல் பொருத்திப் பார்த்து, யாருக்கு எந்த இடம் என்று மார்ச் மாதம் அறிவிக்கும். இதற்கு ‘மேட்ச்’ என்று பெயர். 1952 முதல் நடந்துவருகிறது. இன்றைய நிரலை 1990-களில் ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் இன்னொருவருடன் சேர்ந்து வடிவமைத்தார். இத்தகைய பொருத்தம் பற்றிய ஆய்வுகளுக்காக 2012-இல் அவருக்கும் லாய்டு ஷேப்லிக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

நிரல் நியாயமானதுதான். ஆனால் அது பட்டியல்கள் கைக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவருக்கு அதனால் எதுவும் செய்ய முடியாது. பட்டியலில் பெயர் வர நேர்காணல் வேண்டும். அறுவைத் துறைகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. இறுதியாண்டு மாணவர்கள், தாங்கள் சேர விரும்பும் வேறு மருத்துவமனைகளுக்குப் போய் நான்கு வாரம் போல வேலை செய்வார்கள். எலும்பு அறுவை, நரம்பியல் அறுவை போன்ற துறைகளில் இரண்டு மூன்று இடங்களில் இப்படிச் செய்வது சாதாரணம். பேருக்கு அது படிப்பின் ஒரு பகுதி, உண்மையில் அது ஒரு மாத நேர்காணல். அதிகாலை ரவுண்ட்ஸுக்கு யார் முதலில் வருகிறார், நள்ளிரவு அறுவைக்குக் கூப்பிட்டால் யார் முகம் சுளிக்காமல் வருகிறார் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஒரு வாரத்துக்குள், மார்ச் 17 அன்று, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் மாணவர்களை நோயாளிகளுடன் நேரடியாகப் பழகும் வேலைகளிலிருந்து விலக்கி வைக்கும்படி கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. மே மாதம், மருத்துவக் கல்வி அமைப்புகளின் கூட்டமைப்பு இரண்டு பரிந்துரைகளைச் சொன்னது. நேர்காணல்கள் அனைத்தும் இணையவழியில் நடக்கட்டும். வெளி மருத்துவமனைக்குப் போய் வேலை செய்வது, தன் கல்லூரியில் அந்தத் துறைப் பயிற்சித் திட்டமே இல்லாதவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு வேண்டாம். விண்ணப்பங்கள் திட்டங்களின் கைக்குப் போகும் நாளும் அக்டோபர் 21-க்குத் தள்ளிப்போனது.

செலவு கணிசமாகக் குறைந்தது. அதற்கு முன் அறுவைத் துறைக்கு விண்ணப்பிக்கும் மாணவர், விமானம், விடுதி, கோட்டு சூட்டு என்று ஆயிரக்கணக்கான டாலர் செலவழிப்பது வழக்கம். ஏற்கெனவே தலைக்கு மேல் கல்விக்கடன் உள்ளவர்கள் அவர்கள். இப்போது கோட்டு மட்டும் போதும் என்றாகிவிட்டது. இது பெரிய நன்மை, இதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் பயணச் செலவு இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் அந்தப் பதவியில் நியமிக்கவில்லை. எனவே அது போன பிறகுதான் அப்படியொரு வேலை நடந்துகொண்டிருந்ததே தெரிந்தது.

ஓர் உதாரணம். நல்ல மதிப்பெண், நல்ல கடிதங்கள் உள்ள ஒரு மாணவருக்கு 25 திட்டங்கள் அழைப்பு அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். பயணம் செய்ய வேண்டியிருந்த காலத்தில் அவரால் 12, 13 இடங்களுக்குத்தான் போக முடியும். மீதி அழைப்புகளைத் திருப்பிக் கொடுப்பார், அவை காத்திருக்கும் மற்றவர்களுக்குப் போகும். திரை வந்ததும் அவர் 25-க்கும் ‘சரி’ என்று சொல்லிவிடலாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடையில் சாப்பாடு. கடைசியில் அவர் சேரப்போவது ஒரே ஓர் இடத்தில். ஆனால் அதற்குள் 24 திட்டங்களின் நேர்காணல் இடங்களை அடைத்துவிட்டார். இப்படி நூறு பேர் செய்தால் எல்லாத் திட்டங்களின் பட்டியலிலும் அதே நூறு பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். நடுத்தர நிலையில் உள்ள மாணவருக்கு அழைப்பே வராது. திட்டங்களுக்கும் ஆபத்து: பட்டியலில் உள்ள எல்லாரும் வேறு இடத்துக்குப் போய்விட்டால் இடம் காலியாக நிற்கும். நேர்காணல் பதுக்கல் என்று இதற்குப் பேர் வைத்து அந்த ஆண்டு பலரும் பயந்தார்கள்.

மொத்தக் கணக்கில் பெரிய விபரீதம் நடக்கவில்லை. 2020-இல் அமெரிக்க எம்.டி. (அங்கே இதுதான் முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரி இறுதியாண்டு மாணவர்களில் 93.7 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, 2021-இல் 92.8 சதவீதம். ஆனால் இது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு. போட்டி கடுமையான அறுவைத் துறைகளில் கவலை தீரவில்லை. தீராததற்குக் காரணமும் இருந்தது. கொரோனாவுக்கு முன்பே எலும்பு அறுவைக்கு விண்ணப்பிப்பவர் சுமார் 200 திட்டங்களில் 70, 80-க்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை விண்ணப்பங்களில் யாருக்கு நம் மருத்துவமனையில் உண்மையான ஆர்வம் என்று ஒரு திட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும்? முன்பு, கைக்காசு போட்டு வந்து நின்றதே ஓர் அறிகுறி. ஒரு மாதம் வந்து வேலை செய்தது அதைவிடப் பெரிய அறிகுறி. இரண்டும் ஒரே ஆண்டில் போய்விட்டன.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படும் மாற்றம் வருகிறது. காது, மூக்கு, தொண்டை அறுவைத் துறை 2020-21 சுற்றிலேயே ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ஐந்து ‘சிக்னல்’ தரப்பட்டது. தனக்கு மிகவும் பிடித்த ஐந்து திட்டங்களுக்கு அவற்றை அனுப்பலாம். அதற்குமேல் கிடையாது. திட்டம் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, இவர் நமக்குச் சிக்னல் அனுப்பியிருக்கிறார் என்று தெரியும். ‘உங்கள் மருத்துவமனைதான் என் முதல் விருப்பம்’ என்று மின்னஞ்சல் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றால், அந்த மின்னஞ்சலை 80 பேருக்கும் அனுப்பலாம். சிக்னலை ஐந்து பேருக்குத்தான் அனுப்ப முடியும். குறைவாக இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. யோசனை புதிதல்ல. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் வேலை தேடும் இளம் பொருளாதார அறிஞர்களுக்கு ஆளுக்கு இரண்டு சிக்னல் தரும் முறையை 2006-இலேயே தொடங்கியிருந்தது. அதை வடிவமைத்தவர்களில் அதே ஆல்வின் ராத்தும் ஒருவர்.

அடுத்த சுற்றில், 2021-22-இல், பொது அறுவைத் துறை ஐந்து சிக்னலுடன் சோதனையில் இறங்கியது. அதற்கடுத்த சுற்றில் எலும்பு அறுவைத் துறை ஒரேயடியாக 30 சிக்னல் கொடுத்தது. இது வேறு வகை விளையாட்டு. ஐந்து சிக்னல் என்றால் அது ‘எனக்கு மிகவும் விருப்பம்’ என்ற செய்தி. முப்பது என்றால், சிக்னல் வராத விண்ணப்பத்தைத் திட்டங்கள் திறந்து பார்ப்பதே அரிதாகிவிடும். அதாவது முப்பதுக்கு மேல் விண்ணப்பிக்காதே என்று சட்டம் போடாமலேயே ஏறக்குறைய அதே விளைவைக் கொண்டுவருவது. முன்பு பயணச் செலவு செய்த வேலையை இப்போது ஒரு விதி செய்கிறது. என் கருத்தில் இது மேலானது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் 30, கடன் வாங்கிப் படித்தவருக்கும் 30.

இதே காலத்தில் இன்னும் இரண்டு தூண்கள் சாய்ந்தன. அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் மூன்று இலக்க மதிப்பெண் தருவதை நிறுத்தி, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் அறிவிக்க 2020 பிப்ரவரியில் முடிவெடுத்தார்கள். இது கொரோனா அங்கே தலைவிரித்தாடுவதற்கு முன்னாலேயே எடுத்த முடிவு. நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். அறுவைத் திட்டங்கள் விண்ணப்பங்களைக் கழிக்க அதிகம் நம்பியிருந்தது அந்த எண்ணைத்தான். இன்னொன்று, நடிக்கும் நோயாளிகளை வைத்து நேரில் நடத்தப்பட்ட மருத்துவத் திறன் தேர்வு. அமெரிக்காவில் ஐந்தே நகரங்களில் நடந்தது. வெளிநாட்டுப் பட்டதாரிகள் அதற்கென்றே விமானம் ஏறிப் போக வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள், 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். இதற்காக யாரும் பெரிதாக அழுததாகத் தெரியவில்லை.

திரையில் தெரியாதவையும் உண்டு. நேர்காணல் நாளன்று அந்த மருத்துவமனையின் ஜூனியர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாட்டு மேசையில் முகங்கள் எவ்வளவு சோர்ந்திருக்கின்றன என்பதை நேரில் போனவர் பத்து நிமிடத்தில் பிடித்துவிடுவார். ஐந்து ஆண்டு கழிக்கப்போகும் இடம் ஆயிற்றே. திரைக்கு முன்னால் வைக்கப்பட்ட ஜூனியர்கள் எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள். இந்தத் தயக்கத்தின் விளைவு எண்களிலும் தெரிந்தது. 2021 மேட்ச்சில் பல அறுவைத் துறைகளில், தான் படித்த கல்லூரியின் சொந்தத் திட்டத்திலேயே இடம் பெற்றவர்களின் விகிதம் முன்பைவிட உயர்ந்ததாக ஆய்வுகள் காட்டின. தெரிந்த முகத்தையே இரு தரப்பும் தேர்ந்தெடுத்தன.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. அங்கே தேர்வு தேசிய அளவில் ஒரே நேரத்தில் நடக்கும், ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாக எடுப்பதில்லை. விண்ணப்பதாரர் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் படிவம் ஒன்று உண்டு. எத்தனை கட்டுரை, எத்தனை மாநாட்டு உரை, எத்தனை சிகிச்சைத் தணிக்கை ஆய்வு, எத்தனை அறுவை என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. அப்புறம் நேரில் ஒரு தேர்வு மையத்தில் நேர்காணல். 2020 வசந்த காலத்தில் மேல்நிலை அறுவைப் பயிற்சிக்கான நேர்காணல்கள் நடக்கவேண்டிய நேரத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. நேர்காணலை விட்டுவிட்டு, அந்தச் சுயமதிப்பீட்டுப் புள்ளிகளை வைத்தே இடங்களைக் கொடுத்தார்கள். பல ஆண்டு உழைத்துத் தயாரானவர்களின் எதிர்காலத்தை அவர்களே நிரப்பிய படிவம் தீர்மானித்தது என்றால் மனக்குறை வராமல் இருக்குமா? நேர்காணலில் நன்றாகப் பேசி மேலே வந்துவிடலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது.

அடுத்த ஆண்டு நேர்காணல் திரும்பியது, ஆனால் திரையில். சான்றுகள் வைத்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய பகுதி போய், அவற்றை முன்கூட்டியே பதிவேற்றும் முறை வந்தது. அடிப்படை அறுவைப் பயிற்சிக்கு இன்னும் ஒரு வடிகட்டி 2023 சுற்றில் சேர்ந்தது: முதலில் குடும்ப மருத்துவப் பயிற்சிக்கென்று உருவாக்கப்பட்ட ஒரு கணினித் தேர்வு. அது ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால் மறுபடி அமெரிக்கக் கதையின் நிழல் தெரிகிறது. 2019 அக்டோபரில் பிரிட்டன் எல்லா மருத்துவர்களையும் பற்றாக்குறைப் பணிகளின் பட்டியலில் சேர்த்ததால், வெளிநாட்டுப் பட்டதாரிகளும் உள்ளூர்க்காரர்களுடன் சமமாகப் போட்டியிடும் நிலை வந்தது. அதன்பின் நேர்காணலும் இணையத்துக்குப் போனது. வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம் என்றால் விண்ணப்பங்கள் பெருகாமல் என்ன செய்யும்? அத்தனை பேரையும் நேர்காணல் செய்ய ஆள் இல்லை, ஆகவே தேர்வு. குடும்ப மருத்துவத் துறையோ 2020-இல் நேர்முகத் தேர்வைக் கைவிட்டதோடு சரி, அதைத் திரும்பக் கொண்டுவரவே இல்லை. அறுவைத் துறை அந்த அளவுக்குப் போகவில்லை. பேசிப் பார்க்காமல் ஒருவரை அறுவை அரங்குக்குள் விட அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

இந்தியாவில் நேர்காணலே கிடையாது. பெரும்பாலான எம்.எஸ். இடங்களுக்கு நீட் பிஜி நுழைவுத் தேர்வு, ரேங்க், கவுன்சலிங், அவ்வளவுதான். அகில இந்திய இடங்களுக்கான கவுன்சலிங் ஏற்கெனவே இணையத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆகவே தேர்ந்தெடுக்கும் முறையில் கொரோனாவால் மாற்ற ஒன்றும் இல்லை. அது உடைத்தது காலத்தை. 2021 ஏப்ரல் 18 அன்று நடக்கவேண்டிய தேர்வு இரண்டாம் அலையால் தள்ளிப்போனது. மே 3 அன்று, குறைந்தது நான்கு மாதம் ஒத்திவைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மருத்துவர்கள் கொரோனா பணிக்குக் கிடைக்கட்டும் என்பது நோக்கம். இறுதியாண்டு முதுநிலை மாணவர்களையும் புதியவர்கள் வரும்வரை பணியில் தொடரச் சொன்னார்கள். தேர்வு ஒருவழியாக செப்டம்பர் 11 அன்று நடந்தது. அதன்பின் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் கவுன்சலிங் மாட்டிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 7 அன்று அனுமதி கொடுத்து, 12-ஆம் தேதி கவுன்சலிங் தொடங்கியது.

வெளியிலிருந்து பார்த்தால் இது தேதிகள் மாறிய கதை. வார்டில் நின்று பார்த்தால் வேறு. ஒரு துறையில் மூன்று ஆண்டு மாணவர்கள் சேர்ந்து செய்யும் வேலையை இரண்டு ஆண்டு மாணவர்கள் செய்தார்கள். முதலாண்டு என்று ஒரு வரிசையே இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவது, ரத்த மாதிரி எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது என்று முதலாண்டுக்காரர் செய்ய வேண்டியதை இரண்டாமாண்டுக்காரரே மறுபடியும் செய்தார். அவர் கற்க வேண்டிய அறுவைகள் அவ்வளவு தூரம் தள்ளிப்போயின. 2021 டிசம்பரில் டெல்லியில் ரெசிடென்ட் மருத்துவர்கள் தெருவுக்கு வந்ததன் காரணம் இதுதான். ஒற்றைத் தேர்வை நம்பும் முறையில் தேர்வு நின்றால் எல்லாமே நிற்கும். மாற்றாக வைத்துக்கொள்ள இன்னொரு கதவு இல்லை.

எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒரு பாதிப்பு, அறுவைகளே நின்றுபோனது. அவசரமற்ற அறுவைகள் ஒத்திவைக்கப்பட்டன. முதல் அலையின் உச்சமான 12 வாரங்களில் உலகம் முழுக்க சுமார் 2.84 கோடி அறுவைகள் ரத்தாகவோ தள்ளிப்போகவோ கூடும் என்று ஒரு பன்னாட்டு ஆய்வுக்குழு மதிப்பிட்டது. பயிற்சியில் இருப்பவர் தான் செய்த, உதவிய அறுவைகளை லாக்புக்கில் பதிவுசெய்வார். அதை வைத்துத்தான் அவருக்கு அடுத்த படி. பிரிட்டனில் முதல் அலையின்போது குடல்வால் அழற்சிக்குக்கூட முடிந்தால் மருந்தாலேயே சமாளியுங்கள், சிறு துளை வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப்பி அறுவையைக் குறையுங்கள் என்று வழிகாட்டினார்கள், கிருமி காற்றில் பரவும் என்ற பயம். அறுவை அரங்கில் நேரத்தைக் குறைக்க மூத்தவர்களே கத்தியை எடுத்தார்கள். இளையவர்கள் மூச்சுத்திணறல் வார்டுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மேல்நிலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை குடல்வால் அறுவை செய்தீர்கள் என்று படிவம் கேட்டால் அவர் என்ன எழுதுவார்?

இதைச் சமாளிக்க பிரிட்டனில் ஆண்டு மதிப்பீட்டில் புதிய முடிவு வகை ஒன்றைச் சேர்த்தார்கள். 10.1 என்றால், திறன் சேர்வது கொரோனாவால் தாமதம், ஆனாலும் மேலே போகலாம். 10.2 என்றால், கூடுதல் பயிற்சிக் காலம் வேண்டும். இரண்டிலும் குறை பயிற்சியாளருடையதல்ல என்பது பதிவில் இருக்கும். சிறிய நிர்வாக ஏற்பாடுதான், ஆனால் பின்னால் அந்தப் பதிவைப் படிக்கும் தேர்வாளருக்கு அது நிறையச் சொல்லும்.

தொற்று அடங்கிய பிறகும் அமெரிக்காவில் இணைய நேர்காணலே பெரும்பாலும் தொடர்கிறது. மருத்துவக் கல்லூரிகளின் சங்கமும் அதையே பரிந்துரைக்கிறது. ஆனால் அறுவைத் துறைகளில் பலருக்கு நேரில் பார்க்கும் ஆசை விடவில்லை, சில திட்டங்கள் பழையபடி நேரில் அழைக்கத் தொடங்கிவிட்டன. ஒரு திட்டம் நேரில் அழைத்தாலே, வராவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று எல்லாரும் பறந்து வருவார்கள், பழைய செலவு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். இதற்குச் சில திட்டங்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. நேர்காணலைத் திரையில் முடித்து, மாணவர்களின் வரிசைப் பட்டியலை இறுதிசெய்து பூட்டிவிடுகிறார்கள். அதன்பின், விருப்பம் உள்ளவர்கள் வந்து மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் வைக்கிறார்கள். வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் பட்டியலில் உங்கள் இடம் மாறாது. அன்று மதிப்பிடப்படுவது மருத்துவமனை மட்டும்தான். மாணவரின் பட்டியல் இன்னும் பூட்டப்படவில்லை.